லாரஸ் குருசுமுத்துயி

6 ஜனவரி 1986, திங்கள்

புது டைரி. கையில் கொடுக்கும்போதே செலஸ்தீன், "போன வருசம் மாதிரி பாதியில நிப்பாட்டிப்புடாதிய" என்றாள். கல்யாணமாகி இருபத்தோரு வருடம். என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

எழுத என்ன இருக்கிறது? கல்லூரி விலங்கியல் துறையில் அருங்காட்சியக உதவியாளர் வேலை. செத்த பறவையின் தோலை உரித்து, உள்ளே பஞ்சு அடைத்து, பாடம் செய்து, பூச்சி அரிக்காமல் அலமாரியில் காக்க வேண்டும். தூத்துக்குடியில் இந்தத் தொழில் பார்ப்பவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அதனால் போட்டி கிடையாது. பதவி உயர்வும் கிடையாது.

ஆனால் இன்று எழுத ஒன்று இருக்கிறது. ஜூனில் சேர்ந்த டாக்டர் அபயாம்பிகை மேடம் கடல்காக்கை இழுப்பறையின் சாவியைக் கேட்டு வாங்கினார். முன்பிருந்த பேராசிரியர்கள் அந்த இழுப்பறையை வருடத்துக்கு ஒருமுறை திறப்பார்கள், மாணவர்களிடம் காட்டிவிட்டு மூடுவார்கள். மேடம் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர் நாலு மணிவரை எழுந்திருக்கவில்லை. அலகை அளக்கிறார், காலை அளக்கிறார், அளந்ததையே மறுபடி அளக்கிறார். இரண்டாவது அளவு அரை மில்லிமீட்டர் மாறினால் மூன்றாவது முறையும் அளக்கிறார். மாயவரத்துக்காரர், முப்பத்துநாலு வயது இருக்கும். என்னை "குருசுமுத்து சார்" என்று கூப்பிடுகிறார். முதலில் கிண்டல் என்றுதான் நினைத்தேன். ஏழு மாதமாகியும் நிறுத்தவில்லை.

9 ஜனவரி, வியாழன்

அந்துருண்டை இரண்டு பொட்டலம் வாங்கினேன். குழம்பில் உப்பு கூடுதல். மேடம் இன்னும் அதே இழுப்பறையில்.

20 ஜனவரி, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து போனால், மேடம் எனக்கு முன்பே வந்து மேஜையில் மூன்று பறவைகளை வரிசையாக வைத்துக் காத்திருந்தார். எண் 112, 113, 114. மூன்றும் நான் பாடம் செய்தவை. 1974 ஜனவரியில், ஒரே நாளில், உப்பளத்தில் எடுத்தவை.

விஷயம் இதுதான். குளிர்காலத்தில் நம் கரைக்கு வரும் சின்னக் கடல்காக்கைகளில் இரண்டு வகை உண்டு. பழுப்புத்தலைக்கு அறிவியல் பெயர் லாரஸ் ப்ரூனிசெஃபாலஸ். கருந்தலைக்கு லாரஸ் ரிடிபண்டஸ். முதல் சொல் குடும்பத்துக்கு, இரண்டாவது சொல் ஆளுக்கு. இங்கே வந்து இருக்கும் மாதங்களில் இரண்டுக்கும் தலை வெளுத்துவிடும் என்பதால் தலையைப் பார்த்துப் பிரிக்க முடியாது. இறக்கை நுனியைப் பார்க்க வேண்டும். பழுப்புத்தலைக்கு நுனி கறுப்பு, அதில் வெள்ளைப் பொட்டு. கருந்தலைக்கு முன்விளிம்பு நெடுக வெள்ளை, கடைசியில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. இதெல்லாம் எனக்கு எப்போதோ தெரியும் என்று எழுதத்தான் ஆசை. இன்று மேடம் சொல்லித்தான் தெரிந்தது. இருபத்துமூன்று வருடம் இந்தப் பறவைகளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், வெட்கம்தான்.

"உடம்பு பழுப்புத்தலை. அலகு பழுப்புத்தலை. நீங்க லேபிள்ல 'கண் வெளிர் நிறம்'னு எழுதியிருக்கீங்க. அதுவும் பழுப்புத்தலைதான். இப்ப இறக்கையைப் பாருங்க சார்."

பார்த்தேன். முன்விளிம்பு வெள்ளை.

"ஒண்ணு மட்டும் இப்படி இருந்தா ஏதோ கோளாறுன்னு விட்டுடலாம். மூணு இருக்கு. எவ்வளவு நேர்த்தியான இறக்கை பாருங்க, ஒரு சிறகு கலையல" என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதைப் பிடிச்ச அன்னைக்கு ஏதாவது வித்தியாசமா பார்த்த ஞாபகம் இருக்கா?"

"பன்னிரண்டு வருசம் ஆச்சே மேடம். நெனப்பில்ல."

"அதுக்கப்புறம் யாராவது இதை வெளியில எடுத்தாங்களா? கண்காட்சி எதுக்காவது?"

"நெனப்பில்ல மேடம்."

மணி பன்னிரண்டு ஆகிவிட்டதால் சாப்பிடப் போய்விட்டேன்.

26 ஜனவரி, ஞாயிறு

கொடியேற்றம் முடிந்ததும் அருங்காட்சியகத்தைத் திறந்தேன். அந்துருண்டை மாற்ற வேண்டியிருந்தது. "லீவு நாள்லயும் அந்துருண்டையா?" என்று செலஸ்தீன் கேட்டாள். பூச்சிக்கு லீவு உண்டா என்றேன்.

மூன்று பறவைகளும் நன்றாக இருக்கின்றன. விரல் நுனியால் தடவிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. பழைய வேலை என்றாலும் நல்ல வேலை.

3 பிப்ரவரி, திங்கள்

இந்த நாளை ஒழுங்காக எழுத வேண்டும்.

மேடம் பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் அளவுப் பட்டியல்களைத் தருவித்து ஒப்பிட்டுவிட்டார். இப்படி ஒரு பறவை இதுவரை யாரும் எழுதியதில்லை. புது இனம் என்று எழுதப்போகிறார். அதற்குப் பெயரும் அவர்தான் வைக்க வேண்டும்.

"உங்க பேரையே வைங்களேன் மேடம்" என்றேன்.

"தன் பேரைத் தானே வெச்சுக்கிறது வழக்கமில்ல சார். அப்படி வெச்சா ஊரே சிரிக்கும். முதல்ல அந்தப் பறவையைக் கண்டெடுத்தவங்க பேரை வைக்கிறது நல்ல மரியாதை." பேனாவை மூடிவிட்டு, "உங்க பேரை வைக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

நான் கையில் பிடித்திருந்த, தோலில் தடவும் போராக்ஸ் தூள் டப்பாவைக் கீழே வைத்தேன்.

முதலில் குடும்பப் பெயரை நினைத்தாராம், பர்னாந்து. அதை வைத்தால் ஊரில் பாதிப் பேர் என் பறவை என்று சண்டைக்கு வருவார்கள் என்று நானே சொன்னேன். அதனால் முன்பெயர். லத்தீன் முறைப்படி கடைசியில் ஒரு 'இ' சேர வேண்டும். லாரஸ் குருசுமுத்துயி. அதற்குப் பின்னால் பெயர் வைத்தவர் பெயரும் வருடமும் எப்போதும் ஒட்டிக்கொண்டே வரும்: அபயாம்பிகை, 1986.

"ஒருதடவை அச்சுல ஏறிட்டா ஏறினதுதான் சார். நாளைக்கு யாராவது தப்புன்னு நிரூபிச்சாலும் பேர் அழியாது. 'இது செல்லாத பேரு, இன்னார் வெச்சது'ன்னு பட்டியல்ல நின்னுக்கிட்டே இருக்கும். அதனாலதான் எனக்கு இவ்வளவு பயம்."

வீட்டில் சொன்னேன். செலஸ்தீன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். பிறகு, "நமக்குப் பிள்ளை இல்ல. பேரு சொல்ல ஒரு காக்காவாவது ஆச்சு" என்று சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு இதிலெல்லாம் பெரிய ஆசை கிடையாது.

4 பிப்ரவரி, செவ்வாய்

லாரஸ் குருசுமுத்துயி. லாரஸ் குருசுமுத்துயி. லாரஸ் குருசுமுத்துயி.

பேனா எழுதுகிறதா என்று பார்த்தேன்.

12 பிப்ரவரி, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு போனேன். மாணவர்கள் விபூதி பூசிவிட்டேன் என்று கேலி செய்தார்கள்.

கட்டுரையை இன்றே அனுப்பிவிடலாம். எல்லாம் தயார். ஆனால் மேடம் மாட்டேன் என்கிறார். "செத்த பறவை மூணை மட்டும் வெச்சு எழுதிட்டா மனசு ஒப்பாது சார். உயிரோட ஒண்ணு பார்க்கணும். பார்க்கலைன்னா, தேடினேன் கிடைக்கலைன்னாவது நேர்மையா எழுதணும்." ஏப்ரலில் கடல்காக்கைகள் வடக்கே கிளம்பிவிடும். அதற்குள் தினமும் காலை வகுப்புக்கு முன்னால் உப்பளத்துக்குப் போய், அங்கே இருக்கும் ஒவ்வொன்றின் இறக்கையையும் பார்க்கப்போகிறாராம்.

"ஒவ்வொண்ணையுமா?" என்றேன்.

"ஒவ்வொண்ணையும்."

நான் அலமாரியைப் பூட்டப் போய்விட்டேன்.

21 பிப்ரவரி, வெள்ளி

ஒரு வாரமாக நானும் கூடப் போகிறேன். மேடம் சைக்கிளில் முன்னால், நான் பின்னால். பைனாகுலர் அவர் கழுத்தில், குடை என் கையில். ஏழு மணிக்கே உப்புப் பாத்தியில் வெயில் எதிரொளித்துக் கண்ணைக் குத்துகிறது. பறவைகள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருந்தால் இறக்கை நுனி சரியாகத் தெரியாது. ஒன்று கொட்டாவி விட்டு இறக்கையை விரிக்கும்வரை மேடம் அசையாமல் நிற்பார். விரித்ததும் நோட்டில் ஒரு கோடு. அடுத்தது.

கருந்தலை நடுநடுவே ஒன்றிரண்டு வரும். முன்விளிம்பு வெள்ளையைக் கண்டதும் மேடத்தின் மூச்சு நிற்பது எனக்கே கேட்கும். பிறகு கண்ணைப் பார்ப்பார், அலகைப் பார்ப்பார். "கண் கறுப்பு. அலகு மெலிசு. கருந்தலைதான்" என்று ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பார். இப்படி இன்று நாலு தடவை. ஒருமுறைகூடத் தன் ஆசைக்கு ஏற்ற மாதிரி கண்ணை வெளிர் என்று எழுதிக்கொள்ளவில்லை. நானாக இருந்தால் நாலில் ஒன்றையாவது அப்படி எழுதியிருப்பேன்.

உப்பு வாரும் மாடத்தி என்ற பெண் இன்று என்னிடம் வந்து, "ஏ சார்வாளு, அந்தம்மா தெனமும் வெயில்ல நின்னு என்னத்த எண்ணுது?" என்றாள்.

"கடல்காக்கா."

"அத எதுக்கு எண்ண? நேத்து நின்னதுதான் இன்னைக்கும் நிக்குது."

"புதுசா ஒண்ணு இருக்கான்னு பாக்காங்க."

"இருந்தா நாங்க சொல்ல மாட்டமா? முப்பது வருசமா இந்தப் பாத்தியிலதான கெடக்கேன். இதுவ இறக்கை எல்லாம் ஒண்ணுபோலத்தான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். மேடம் காதில் விழவில்லை. நான் மேடத்திடம் சொல்லவும் இல்லை.

2 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் செலஸ்தீனின் தம்பி சிலுவைதாசன் கையைப் பிடித்துக் குலுக்குகிறான். "மச்சான், ஒம்ம பேர்ல பறவையாமே! உலகம் பூராம் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடணுமாமே!" சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். யார் யாரிடமெல்லாம் சொன்னாய் என்று செலஸ்தீனிடம் கேட்டேன். "எல்லார்ட்டயுந்தான். நல்ல விசயத்த மூடியா வைப்பாக?" என்றாள்.

வீட்டில் சும்மா இருந்தவளிடம் கோபித்துக்கொண்டேன், காப்பி ஆறிவிட்டது என்று. காப்பி சூடாகத்தான் இருந்தது.

8 மார்ச், சனி

மேடத்துக்கு வெயிலில் முகம் தோல் உரிந்துவிட்டது. எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. கடல்காக்கைகளுக்குத் தலை பழுப்பேற ஆரம்பித்திருக்கிறது, கிளம்பும் காலம்.

15 மார்ச், சனி

தவக்காலம். கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல, வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஆறு பேர். மூன்று பேர் ஆனபிறகு வெளியே வந்துவிட்டேன். உள்ளே காற்றோட்டம் இல்லை.

20 மார்ச், வியாழன்

இன்று உப்பளத்தில் நூற்றுக்கும் குறைவாகத்தான் இருந்தன. மேடம் கடைசிக் கோட்டைப் போட்டு நோட்டைக் கூட்டினார். ஐயாயிரத்து நானூற்றுப் பதினொன்று. ஒரே பறவையைப் பலமுறை எண்ணியிருக்கக்கூடும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். தனக்குச் சாதகமில்லாததை முதலில் எழுதுகிற பழக்கம் அவருக்கு. அந்தப் பழக்கத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

நோட்டை மூடிவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி மூணு ஒண்ணா நின்னிருக்கு சார், இதே இடத்துல. இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல. நாம பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே அது போயிடுச்சு."

அழுதார். நான் குடையைப் பிடித்தபடி நின்றேன். வெயில் அவர் முதுகில் பட்டுக்கொண்டிருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. குடையை வெறும் உப்புக்குப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கட்டுரையில் 'அநேகமாக அழிந்துவிட்டது' என்று ஒரு வரி சேர்க்கப்போகிறாராம்.

21 மார்ச், வெள்ளி

மேடம் பத்தொன்பது பக்கம் தட்டச்சு செய்த கட்டுரையை உறையிலிட்டு ஒட்டி என்னிடம் கொடுத்தார். பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார். "உங்க பறவை, உங்க கையாலயே போகட்டும்" என்றார்.

தபால் நிலையம் போனேன். வரிசை இல்லை. கவுண்டரில் இருந்தவர் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு உறையோடு திரும்பி வந்தேன்.

எழுதிவிடுகிறேன். ஜனவரி இருபதாம் தேதியே எனக்குத் தெரியும். மேடம் இறக்கையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த அந்த நிமிடமே தெரியும்.

1978இல் கல்லூரி வெள்ளிவிழாக் கண்காட்சி. அப்போதைய துறைத்தலைவருக்கு, கடல்காக்கை மூன்றைப் பறக்கிற மாதிரி மேலே கட்டித் தொங்கவிட ஆசை. இழுப்பறையைத் திறந்தால் 112, 113, 114 மூன்றுக்கும் இறக்கை நுனியைப் பூச்சி தின்றிருந்தது. உடம்பு பத்திரம், நுனிச் சிறகு மட்டும் நார்நாராகக் கிடந்தது. இன்னொரு பெட்டியில் உடம்பு அழுகிய கருந்தலைகள் சில இருந்தன, இறக்கை மட்டும் நல்ல நிலையில். எனக்கு அப்போது ஒரு கடல்காக்கை இறக்கைக்கும் இன்னொரு கடல்காக்கை இறக்கைக்கும் வித்தியாசம் தெரியாது. சிறகின் தண்டு உள்ளே குழாய் மாதிரி இருக்கும். பழைய தண்டைக் கொஞ்சம் விட்டு வெட்டி, தென்னை ஈர்க்கைச் சீவி ஊசிபோல உள்ளே நுழைத்து, மறுமுனையில் புதுச் சிறகைச் செருகி, தச்சர்கள் காய்ச்சும் வஜ்ரப் பசையால் ஒட்டினேன். ஒட்டு தெரியாதபடி மேல்சிறகைச் சீவி மூடினேன். ஒரு பக்கத்துக்கு நாலு சிறகு, மூன்று பறவைக்கு இருபத்துநாலு. பதினொரு நாள் வேலை. என் வாழ்நாளில் செய்ததிலேயே சிறந்த வேலை அதுதான். கண்காட்சி முடிந்ததும் இறக்கி, மடக்கி, இழுப்பறையில் வைத்தேன். செய்ததை லேபிளில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஜனவரியில் பயத்தில்தான் நினைவில்லை என்றேன். பிப்ரவரியில் பெயர் வந்தது. அதன்பிறகு பயமில்லை, ஆசை. அதை எழுதாமல் என்ன எழுதினேன் இத்தனை நாள்?

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. பறவை பெட்டிக்குள், பெயர் புத்தகத்துக்குள். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் 'அபயாம்பிகை, 1986' என்று ஒட்டிக்கொண்டே வருமே. இல்லாத பறவைக்காக உப்பில் உட்கார்ந்து அழுத மனுஷி.

22 மார்ச், சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் உறையை மேடம் மேஜையில் வைத்தேன். "அனுப்பலையா? மூடிட்டாங்களா?" என்றார். இழுப்பறையைத் திறந்து 113ஐ எடுத்தேன். வெந்நீரில் நனைத்த பஞ்சை இறக்கை மூட்டில் வைத்துப் பத்து நிமிடம் பிடித்தேன். மேடம் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பசை இளகியதும் நுனிச் சிறகைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். ஈர்க்கோடு வந்தது. மேஜையில் அவர் நோட்டின்மேல் வைத்தேன்.

"நான் வெச்சது மேடம். கண்காட்சிக்கு. கருந்தலை சிறகு. மூணுலயும்."

மேடம் இடுக்கியால் சிறகை எடுத்தார். ஈர்க்கைப் பார்த்தார். லென்ஸை வைத்து மறுபடி பார்த்தார். அந்த நேரத்திலும் அவருக்குத் தன் கண்ணால் சரிபார்க்காமல் முடியவில்லை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மொத நாளே."

முகம் மாறியது. "அஞ்சு வாரம், குருசுமுத்து." சார் போய்விட்டது. "அஞ்சு வாரம் அந்த வெயில்ல நின்னேன். நீங்க பக்கத்துல குடை பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. முந்தாநாள் நான் அழுதப்பவும் நின்னீங்க."

"ஆமா மேடம்."

"ஏன்?"

"பேரு" என்றேன். பிள்ளை இல்லாததையெல்லாம் இழுத்து அவரை இரக்கப்பட வைக்க எனக்கு அருகதை இல்லை.

எழுந்து வெளியே போனார். மரத்தடிக் குழாயில் முகம் கழுவினார். அங்கேயே ரொம்ப நேரம் நின்றார். கல்லூரி முதல்வரிடம் போகிறார், வேலை போயிற்று என்று நினைத்தேன். போனால் போகட்டும், நியாயம்தான் என்று உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தவர் கதவருகே நின்றே கேட்டார்: "அப்ப எதுவும் அழிஞ்சு போகல, இல்ல?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"அப்படி ஒரு பறவை இருந்ததே இல்லைன்னா, அது அழியவும் இல்ல. எல்லாம் இருக்குதானே, சார்?"

"எல்லாம் இருக்கு மேடம்" என்றேன். இந்த முறை அழுதது நான். மூன்று மாத உழைப்பு கண்ணெதிரே ஒரு ஈர்க்கில் செருகிக்கொண்டு கிடக்கிறது, இவருக்கு முதலில் தோன்றுவது அந்தப் பறவையைப் பற்றி. இப்படி ஒரு ஆளை நான் ஏமாற்றினேன்.

மேடம் உறையைக் கிழித்துக் கட்டுரையை வெளியே எடுத்து, முதல் பக்கத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினார். பிறகு நோட்டைத் திறந்தார். "இப்ப சொல்லுங்க. ஈர்க்கை எவ்வளவு கனத்துக்குச் சீவினீங்க? எந்தப் பசை? நான் லென்ஸ் வெச்சுப் பார்த்தும் தெரியாத மாதிரி எப்படி மூடினீங்க? இதை எழுதணும். நாட்டுல எத்தனை பெட்டியில எத்தனை பேர் இப்படி ஒட்டி வெச்சிருக்காங்களோ, இதைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு யாரும் எழுதல."

மதியம்வரை சொன்னேன். எழுதிக்கொண்டே, தன்னையும் மீறி, "அடேயப்பா" என்றார் இரண்டு தடவை.

முடிவில், "வேற எதுலயாவது கை வெச்சிருக்கீங்களா?" என்றார்.

"ஒரு கொக்கு."

"கொக்குக்கு என்ன?"

"கழுத்து."

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேஜையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். அழுகிறாரோ என்று நான் பயந்துபோனேன்.

23 மார்ச், ஞாயிறு

குருத்து ஞாயிறு. பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றேன். உள்ளே புழுக்கம்தான், பரவாயில்லை.

24 மார்ச், திங்கள்

மிச்சமிருந்த இருபத்துமூன்று சிறகுகளையும் நானே கழற்றினேன். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுத் தனி உறையில் வைத்தார். கடைசிச் சிறகு வரவே மாட்டேன் என்றது. அவ்வளவு பக்குவமாக ஒட்டியிருக்கிறேன். கழற்றி முடித்ததும் மூன்றும் பூச்சி தின்ற இறக்கையோடு படுத்திருந்தன. உப்பளத்தில் ஐயாயிரம் எண்ணினோமே, அவற்றில் கருந்தலை ஒன்றிரண்டைத் தவிர எதை எடுத்தாலும் அதே பறவைதான். எனக்குக் கொஞ்சம் துக்கமாகவும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

பிறகு புது லேபிள். கறுப்பு மையில் மேடமே எழுதினார். எண். இடம். நாள். பெயர்: லாரஸ் ப்ரூனிசெஃபாலஸ். 1978இல் இறக்கை மாற்றப்பட்டது, 1986இல் நீக்கப்பட்டது. தயாரித்தவர் என்ற வரியில் என் பெயர். அது எப்போதும் வரும்.

அதற்குக் கீழே இன்னொரு வரி உண்டு, இனங்கண்டவர். இது என்ன பறவை என்று தீர்மானித்துச் சொன்ன ஆளின் பெயர் அதில் வரும். படித்தவர்கள் பெயர் மட்டும்தான் வரும். இந்த அலமாரியில் நாலாயிரத்துச் சொச்சம் லேபிள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூட அந்த வரியில் ஒரு உதவியாளர் பெயர் கிடையாது. மேடம் தன் பெயரை எழுதுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தி நிதானமாக, 'சீ. குருசுமுத்து பர்னாந்து, 22.3.1986' என்று எழுதினார்.

"மேடம், அது உங்க பேரு வரவேண்டிய இடம்."

"நான் இதை என்னன்னு சொன்னேன் சார்? புது இனம்னேன். தப்பு. பழுப்புத்தலைன்னு சரியா சொன்னது யாரு?" என்று மையை ஊதி உலர்த்தி என்னிடம் நீட்டினார். "கட்டுங்க."

மூன்று லேபிளையும் மூன்று பறவைகளின் காலில் கட்டினேன். முடிச்சுப் போடுவது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. இன்று முதல் முடிச்சு மூன்று தடவை நழுவியது.

வீட்டுக்கு வந்து செலஸ்தீனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், கண்காட்சியிலிருந்து. அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "அப்ப பேரு வராதா?" என்றாள்.

"வந்திருக்கு."

"எந்தப் புஸ்தகத்துல?"

"புஸ்தகத்துல இல்ல. காக்கா கால்ல."

"கால்லயா?"

"கால்லதான். லேபிள்ல."

யோசித்தாள். சிலுவைதாசனிடமும் கோவிலில் மற்றவர்களிடமும் இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"அந்தம்மாவா எழுதுனாக? அவுக கையாலயா?"

"அவுக கையாலதான்."

"அப்பச் சரி" என்று எழுந்து, தட்டை எடுத்து வைத்தாள்.